தரங்கம்பாடிக் கோட்டையும் சிறையும் பழைய அரசுக் கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைக்குக் கிழக்கே சுமார் 30 கி.மீ., காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் கடலை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டென்மார்க்குக்காரர்கள் கையில் இருந்தது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களும் கல்லூரிப் பாடத்துக்காகக் கட்டுரை எழுத வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. குழப்பத்தில் பாதி ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. கட்டடம் எழும்பிய ஆண்டு வேறு, அதற்குள் என்ன வேலை நடந்தது என்பது வேறு. இந்த ஊரில் சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். உள்ளே நடக்கும் வேலைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

தரங்கம்பாடின்னா "அலைகள் பாடும் ஊர்"னுதானே அர்த்தம்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "பாடி" என்பது ஊர்ப்பெயரின் பின்னொட்டு. குடியிருப்பு என்று பொருள். காட்பாடி, வாணியம்பாடி என்று எத்தனையோ ஊர்கள் உண்டு, எதுவும் பாடவில்லை. கடலோரத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, ஆண்டு 1306. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் வழங்கியிருக்கிறது. "தரங்கம்" என்றால் அலை என்பது சரிதான், ஆனால் பாட்டு பிற்பாடு சேர்ந்தது. டேனிஷ்காரர்கள் வாயில் இதே பெயர் "ட்ரங்கெபார்" ஆயிற்று.

டென்மார்க்குக்காரங்களுக்கு இங்க கோட்டை கட்ட யார் இடம் கொடுத்தா?

தஞ்சை நாயக்கர் இரகுநாதர். 1620 நவம்பர் 19 அன்று டேனிஷ் தளபதி ஓவே கியேதேவுடன் உடன்பாடு ஆயிற்று. ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகை என்ற கணக்கில் ஊர் அவர்கள் கைக்கு வந்தது. இரகுநாதர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது.

கியேதே முதலில் நாடி வந்தது தமிழகத்தை அல்ல, இலங்கையை. அங்கே எதிர்பார்த்தது நடக்கவில்லை. அதற்கு முன்பே "ஓரசுண்ட்" என்ற கப்பலில் வந்த ரோலண்ட் கிராப்பே, காரைக்கால் அருகே போர்ச்சுகீசியரால் கப்பலை இழந்து, உயிர் தப்பிய சிலரோடு நாயக்கர் அரண்மனையை அடைந்திருந்தார். தரங்கம்பாடி கைக்கு வர வழி செய்தவர்களில் அவரும் ஒருவர். கிராப்பே பிறப்பால் டச்சுக்காரர். டேனிஷ் கோட்டையின் கதை ஒரு டச்சுக்காரரிலிருந்து தொடங்குவது பலருக்கு வியப்பாக இருக்கும்.

கோட்டை, ஊர் மதில் ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. கடலோரத்தில் தனியாக நிற்பது டான்ஸ்போர்க் கோட்டை. அதன் வேலை 1620-இல் தொடங்கியது. ஊரைச் சுற்றி வந்த மதில் அதற்கு நாற்பது ஆண்டு பிந்தியது.

மதிலின் கதை கோட்டையின் கதையைவிடச் சுவையானது. முதல் டேனிஷ் கிழக்கிந்திய கம்பெனி 1650-இல் கலைக்கப்பட்டது. அதன்பின் டென்மார்க்கிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கப்பலே வரவில்லை. எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணப் படைவீரர்தான் கோட்டையைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சம்பளம் இல்லை, செய்தி இல்லை. வங்கக் கப்பல்களைப் பிடித்துக் கிடைத்த பொருளில் காலம் ஓட்டினார். நாயக்கர் படை வந்து முற்றுகையிட்டபின் 1660-களில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவரும் அவரே. 1669-இல் "ஃபாரோ" கப்பல் வந்து சேர்ந்தபோது ஊரில் இருந்த டேனிஷ்காரர் அவர் ஒருவர்தான். மதிலில் இப்போது எஞ்சியிருப்பது துண்டு துணுக்குகளே.

கோட்டைக்குள்ள ஜெயில் எங்க இருந்தது?

கீழ்த்தளத்தில். தனியாக ஜெயில் கட்டடம் என்று ஒன்றைத் தேட வேண்டாம். கோட்டைக்கு இரண்டு தளம். கீழ்த்தளம் வில்வளைவுக் கூரை போட்ட நீண்ட அறைகள்: சரக்குக் கிடங்கு, படைவீரர் தங்குமிடம், சிறை எல்லாம் அங்கேதான். மேல்தளம் ஆளுநருக்கும் அதிகாரிகளுக்கும். மிளகும் துணியும் வைத்த கிடங்குக்கும் ஆளை அடைத்த அறைக்கும் கட்டுமானத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டுக்குமே தடித்த சுவர், சிறிய திறப்பு, வெளியிலிருந்து பூட்டும் கதவு போதும்.

உள்ளே போனதும் முதலில் உறைப்பது காற்றோட்டம் இல்லாததுதான். மேல்தளத்தில் கடற்காற்று பிய்த்துக்கொண்டு போகும். பத்துப் படி கீழே வந்தால் வியர்வை வழியும். சித்திரை மாத நடுப்பகலில் ஐந்து நிமிடம் கீழ் அறையில் நின்று பாருங்கள். சிறை என்று எழுதி வைத்த பலகை தேவைப்படாது.

அங்க யாரை அடைச்சாங்க? வருஷக்கணக்குல தண்டனை அனுபவிச்சாங்களா?

இன்றைய சிறையை மனத்தில் வைத்துக் கேட்கும் கேள்வி இது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சிறை என்பது பெரும்பாலும் நிறுத்தி வைக்கும் இடம். விசாரணை முடியும்வரை, கடன் தீரும்வரை, ஆளுநரின் கோபம் தணியும்வரை. கசையடி, அபராதம், ஊர்விலக்கு போன்றவைதான் தண்டனை. அதனால்தான் சின்ன இடமே போதுமானதாக இருந்தது.

நீதி நடத்தவும் இரண்டு ஏற்பாடு இருந்தது. ஐரோப்பியருக்கு ஒன்று. ஊர்த் தமிழர் வழக்குகளுக்கு வேறொன்று. டேனிஷில் அதைக் "கறுப்பு நீதிமன்றம்" என்றே அழைத்தார்கள்.

சீகன்பால்கு ஐயரை ஏன் ஜெயில்ல போட்டாங்க? அவரும் அவங்க ஆளுதானே?

அவர் ஜெர்மானியர், லுத்தரன் மிஷனரி. டேனிஷ் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று ஹைன்ரிக் புளூட்சாவோடு வந்திறங்கினார். அரசர் அனுப்பிய ஆள் என்பதுதான் சிக்கலே. ஊரை ஆண்டது, மறுபடி தொடங்கப்பட்டிருந்த டேனிஷ் கம்பெனி. இவர்கள் கம்பெனிக்குக் கட்டுப்படாத ஆட்கள். ஆளுநர் யோகான் சிகிஸ்முண்ட் ஹாசியஸுக்கு முதல் நாளிலிருந்தே இது பிடிக்கவில்லை.

முறுகல் வெடித்தது ஒரு கடன் வழக்கில். இறந்துபோன தமிழ் நாவிதர் ஒருவரின் மனைவிக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே பணத் தகராறு. சீகன்பால்கு விதவையின் பக்கம் நின்றார். 1708 நவம்பர் 19 அன்று கைது. 1709 மார்ச் 26 அன்று விடுதலை. நான்கு மாதத்துக்குச் சற்று மேல். மேலே சொன்ன "நிறுத்தி வைக்கும்" சிறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. கால அளவு சொன்ன தண்டனை இல்லை, ஆளுநரின் ஆணை மட்டுமே. சிறைக்குப் பின் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. அவரது புதிய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு இதே ஊரில் அச்சாகி 1715-இல் முடிந்தது.

அவரை அடைச்ச அறை இதுதான்னு காட்டுறாங்களே, நம்பலாமா?

கோட்டைக்குள் அடைத்தார்கள் என்பது உறுதி. இந்த அறைதான் என்று விரல் நீட்டுவது காட்டுபவரின் துணிச்சல். முந்நூறு ஆண்டில் கதவுகளை அடைத்திருக்கிறார்கள், புதிதாகத் திறந்திருக்கிறார்கள், இடைச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கட்டுரையில் "கோட்டையின் கீழ்த்தளத்து அறைகளில் ஒன்று" என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

வாசல்ல 1792ன்னு போட்டிருக்கு. அப்போ எல்லாரும் சொல்ற 1620 பொய்யா?

நீங்கள் பார்த்தது கோட்டை வாசல் இல்லை, ஊர் வாசல். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் நுழையும்போது குறுக்கே நிற்கும் வெள்ளை வளைவு அது. கோங்ஸ்பாக்கே காலத்து மதிலின் மேற்கு வாசல் இருந்த இடத்தில், பழையதை இடித்து 1792-இல் திருப்பிக் கட்டினார்கள். அங்கிருந்து நேர் கிழக்கே போகும் ராஜா வீதியின் கடைசியில், கடல் தெரியும் இடத்தில் இருப்பதுதான் 1620-இன் கோட்டை. பல பயணக் குறிப்புகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டதற்குக் காரணம் "வாசல்" என்ற ஒரே சொல்தான்.

வாசல் மேல கிரீடம் போட்டு, எழுத்தும் நம்பரும் பின்னின மாதிரி ஒரு சின்னம் இருக்கே, அது என்ன?

அரசரின் பெயர்ச்சின்னம். பெயரின் முதலெழுத்தும் அவர் எத்தனையாவது என்ற எண்ணும் பின்னி, மேலே கிரீடம் வைப்பது டேனிஷ் வழக்கம். டேனிஷ் அரசர்கள் இங்கு ஆண்ட காலம் முழுக்கப் பிரடெரிக், கிறிஸ்தியான் என்று மாறி மாறியே வந்தார்கள். அதனால் எண்ணைப் படித்தால் காலம் விளங்கிவிடும்.

நான்காம் பிரடெரிக் 1699–1730, ஆறாம் கிறிஸ்தியான் 1730–1746, ஐந்தாம் பிரடெரிக் 1746–1766, ஏழாம் கிறிஸ்தியான் 1766–1808, ஆறாம் பிரடெரிக் 1808–1839, எட்டாம் கிறிஸ்தியான் 1839–1848. ஊர் வாசலில் இருப்பது "சி"யும் 7-உம், ஏழாம் கிறிஸ்தியான். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் "எஃப்"உம் 4-உம், கூடவே 1718. ஆண்டு எழுத்து தேய்ந்திருந்தாலும் சின்னம் மிச்சமிருந்தால் இந்தப் பட்டியல் கைகொடுக்கும். சுண்ணாம்பு அடித்து அடித்து 4-உம் 7-உம் ஒன்றுபோல் மழுங்கியிருக்கும். காலை எட்டு மணி வெயிலோ மாலை ஐந்து மணி வெயிலோ பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது.

ராஜா வீதியில ரெண்டு சர்ச் இருக்கு. எது பழசு?

சீயோன் ஆலயம், 1701. டேனிஷ்காரர்கள் தங்கள் வழிபாட்டுக்குக் கட்டிக்கொண்டது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. புதிய எருசலேம் ஆலயம் தமிழ்ச் சபைக்காகச் சீகன்பால்கு கட்டியது. அடிக்கல் 1717, திறப்பு 1718 அக்டோபர் 11. அவர் 1719 பிப்ரவரியில் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்தார்கள். இது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு உரியது. "புதிய" என்ற அடைமொழி ஏன் என்றால், 1707-இல் கட்டிய பழைய எருசலேம் ஆலயம் ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

கவர்னர் கோட்டையிலேயே குடியிருந்தாரா? எதிர்ல இருக்கிற தூண் வெச்ச பங்களா யாரோடது?

நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கோட்டைதான் ஆளுநர் வீடு, அலுவலகம், கிடங்கு எல்லாம். 1777-இல் கம்பெனியிடமிருந்து ஊரை டேனிஷ் அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு 1784 முதல் கோட்டைக்கு எதிரே உள்ள தூண் வரிசை பங்களா ஆளுநர் மாளிகை ஆயிற்று. கோட்டையில் காவலும் கிடங்கும் தங்கின. ஊரின் ஆட்சி மையம் அணிவகுப்புத் திடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

ஊரை எதுக்கு வித்தாங்க? எவ்வளவுக்கு?

வியாபாரம் போனதால். ஐரோப்பாவில் நெப்போலியன் காலப் போர்களின்போது பிரிட்டிஷ்காரர்கள் தரங்கம்பாடியை 1801-இல் ஒருமுறையும் 1808 முதல் 1815 வரை மறுமுறையும் பிடித்து வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்தபோது கப்பல் வரத்து மீளவில்லை. 1845 பிப்ரவரி 22 ஒப்பந்தப்படி வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனிக்கு விற்றார்கள். தரங்கம்பாடி கைமாறியது அந்த ஆண்டு நவம்பரில். "12.5 லட்சம் தரங்கம்பாடிக்கு மட்டும்" என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை.

இந்தச் சின்ன ஊர் மாவட்டத் தலைநகரா இருந்துச்சுன்னு சொல்றது உண்மையா?

உண்மை. கைமாறியதும் தஞ்சாவூர் மாவட்டத் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். டேனிஷ்காரர்கள் விட்டுப்போன நல்ல கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. ஏறத்தாழ பதினைந்து ஆண்டு கலெக்டர் இங்கிருந்தார். அதன்பின் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போயிற்று. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும் மிச்சமிருந்த சரக்கும் அங்கே திரும்பியது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் பாதை வந்தது 1926-இல். துறைமுகத்துக்கு அது உதவியிருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்திருந்தது. 1986-இல் அதையும் மூடினார்கள். கடலோரத்துப் பழைய கலெக்டர் பங்களா இப்போது தங்கும் விடுதி.

எங்க ஊர்ல தாலுகா ஆபீசை ஒட்டியே சப்-ஜெயில் இருக்கு. கோட்டை ஜெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. அது பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தின் வார்ப்பு. ஒரே மதிலுக்குள் தாலுகா கச்சேரி (அலுவலகம்), கருவூலம், சப்-மாஜிஸ்திரேட் கோர்ட், கிளைச்சிறை. சேர்த்து வைத்ததற்கு நடைமுறைக் காரணம் உண்டு. கருவூலப் பெட்டிக்கு இரவும் பகலும் காவல் வேண்டும். அதே காவலர்கள் லாக்கப்பையும் பார்த்துக்கொண்டால் ஆள் மிச்சம். கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முற்றத்தைக் கடந்தால் போதும். பெரிய தண்டனைக்காரர்கள் மத்தியச் சிறைக்குப் போய்விடுவார்கள். கிளைச்சிறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விசாரணைக் கைதிகளும் குறுகிய தண்டனைக்காரர்களும்தான்.

ஒற்றுமை என்று பார்த்தால் ஒன்று சொல்லலாம். டான்ஸ்போர்க்கின் கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும் ஒட்டியிருந்தது போலவே, கச்சேரியில் கஜானாவும் லாக்கப்பும் ஒட்டியிருந்தன. பூட்டும் காவலும் செலவு பிடித்தவை.

கோட்டை டி.பி.யா இருந்துச்சாமே? எப்போ மியூசியம் ஆச்சு?

ஆமாம். டி.பி. என்றால் பயணியர் பங்களா. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள் தங்கியது. 1970-களின் கடைசிவரை அப்படித்தான். பிறகு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு காட்சியகம் ஆக்கியது. 2000-க்குப் பின் டென்மார்க் அமைப்புகளும் சேர்ந்து பழுதுபார்த்தன. பீங்கான், வாள், சுடுமண் பொருள், டேனிஷ் ஆவணங்கள் ஆகியவை காட்சிக்கு உள்ளன. அரசுக் காட்சியகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் எப்போதும் உண்டு.

சுவரைப் பார்த்தே எது எந்தக் காலம்னு சொல்ல முடியுமா?

ஓரளவு. மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில் கூரை. செங்கல் வில்வளைவு என்றால் தீக்கும் குண்டுக்கும் பயந்து கட்டிய காலம். கோட்டைக் கீழ்த்தளம் அப்படி. தேக்கு உத்திரத்தின் மேல் சட்டம் போட்டு, அதன்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைக் கோணலாகக் குத்திட்டு அடுக்கி, மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை கொட்டி, தட்டை ஓடு பதித்திருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். 18-ஆம் நூற்றாண்டு வீடுகளிலும் உண்டு, பிரிட்டிஷ் கால அலுவலகங்களிலும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லக்கூடாது. இரும்பு உத்திரம் என்றால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பின்னரோ.

அடுத்து செங்கல் அளவு. பூச்சு உதிர்ந்த இடத்தில் பத்துக் கல்லாவது அளந்து சராசரி எடுங்கள். ஒரே சுவரில் இருவேறு அளவு வந்தால் அங்கே அடைப்போ ஒட்டுவேலையோ நடந்திருக்கிறது. மூன்றாவது, சுவர்ச் சந்திப்பு. கல் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் ஒரே காலம். நேர்க்கோடாகப் பிளவு தெரிந்தால் பின்னால் ஒட்டியது.

சுவர் எல்லாம் உப்பு பொரிஞ்சு உதிருதே, சிமென்ட் பூசி விட்டா நிக்காதா?

நிற்காது, மோசமாகும். நிலத்து ஈரமும் கடற்காற்றும் உப்பைச் சுவருக்குள் கொண்டுவருகின்றன. ஈரம் காயும்போது உப்பு படிகமாகி மேற்பரப்பை உடைக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். உடைவது பூச்சுதான், அதைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். சிமென்ட் ஈரத்தை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் கோட்டுக்கு மேலே வெடிக்கும். தட்டிப் பார்த்தால் சிமென்ட் ஓடு கெட்டியாக நிற்கும், பின்னால் செங்கல் மாவாகியிருக்கும்.

செய்ய வேண்டியது: பூச்சைச் சுரண்டி, துடைப்பத்தால் உப்பைக் கூட்டி அள்ளி வெளியே போட வேண்டும். சுவரடியில் விட்டால் திரும்ப ஏறும். குறைந்தது இரண்டு வாரம் நீரில் ஊறி நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்றுமணல் 2 முதல் 3 பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை. ஒவ்வொன்றையும் ஒரு வாரம் நனைத்து வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கினால் காயாது. அரசமரக் கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கல்லும் வரும். அடியில் வெட்டி வேரைச் சாகவிட்டுப் பிறகு அடைக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் இதையெல்லாம் துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. மேலே சொன்னது உங்கள் சொந்தப் பழைய வீட்டுக்கு.

கடல் எவ்வளவு ஊரைத் தின்னிருக்கு?

மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்தாலே தெரியும். பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஊரும் மீனவர் குடியிருப்பும் பேரிழப்பைக் கண்டன, கோட்டை நின்றது. கடலோரத்தில் இப்போது கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

பழைய வரைபடமும் ஆவணமும் எங்க கிடைக்கும்? டேனிஷ் தெரியாம முடியுமா?

வரைபடத்துக்கு மொழி அதிகம் வேண்டாம். 1733-இல் ட்ரெல்லுண்ட் வரைந்த ஊர்ப்படத்தின் நகலை வைத்துக்கொண்டு ஊர் வாசலிலிருந்து நடந்து பாருங்கள். முக்கியத் தெருக்கள் அப்படியே ஒத்துவரும். கோட்டையின் பழைய தோற்றத்துக்கு 1650-களின் ஓவியம் ஒன்று ஸ்வீடனின் ஸ்கோக்ளோஸ்டர் மாளிகையில் உள்ளது.

கம்பெனி, அரசு ஆவணங்கள் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில். மிஷன் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில். 1845-க்குப் பிந்தியவை என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தஞ்சாவூர் மாவட்டக் கோப்புகளில் தேட வேண்டும். தேடும்போது கட்டடத்தின் இன்றைய பெயரைப் போடாதீர்கள். அது அப்போது என்ன வேலைக்கு இருந்ததோ அந்தப் பெயரில்தான் கோப்பு இருக்கும்: கஸ்டம்ஸ், உப்பு இலாகா, கலெக்டர் கச்சேரி, பயணியர் பங்களா. "கோட்டை" என்று மட்டும் கேட்டால் பழுதுபார்ப்புச் செலவுக் கோப்புகள் பாதி கண்ணில் படாமலே போகும்.